142 ஆட்டங்கள், இரண்டு கோல்கள்: லிலியன் துராம்

"லிலியன் துராம் பிரான்ஸ் கால்பந்து அணிக்காக 142 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்; அடித்தது இரண்டே கோல், அதுவும் ஒரே ஆட்டத்தில். பிறகு ஏன் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பின்கள வீரர்களைப் பற்றிப் பேசும்போது அவர் பெயர் தவறாமல் வருகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவருடைய மகன் மார்கஸ் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் தந்தையின் கணக்கைத் தேடிப் பார்த்ததாகவும், அந்த எண்கள் ஏமாற்றம் தந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான் வரும். பின்கள வீரனின் உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. எதிரணி வீரன் கடைசி நொடியில் கொடுக்காமல் விட்ட பாஸ், அடிக்கத் துணியாத ஷாட், வழி அடைபட்டதால் திரும்பிப் போன ஓட்டம், இவற்றையெல்லாம் யார் எண்ணி வைப்பது? ஆனாலும் துராமைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு கோல்களிலிருந்தே தொடங்கலாம். அவற்றை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள், முதல் கோலுக்கு ஒரு நிமிடம் முன்னால் நடந்ததை மறந்துவிடுகிறார்கள்.

1998 ஜூலை 8. பாரிஸை ஒட்டிய சாந்தெனியில், புதிதாகக் கட்டிய ஸ்டாட் து பிரான்ஸ் மைதானம். உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸும் குரோஷியாவும். நம் ஊரில் நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கிய ஆட்டம்; விழித்திருந்து பார்த்தேன். பிரான்ஸ் அதற்கு முன் 1958, 1982, 1986 என்று மூன்று முறை அரையிறுதி வரை வந்து மூன்று முறையும் தோற்றிருந்தது. சொந்த மண்ணில் நான்காவது முறையும் அதே கதை ஆகிவிடுமோ என்ற கலக்கம் அரங்கம் முழுவதும் இருந்தது. முதல் பாதியில் கோல் இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குரோஷியாவின் அசானோவிச் நடுக்களத்திலிருந்து ஒரு பாஸ் கொடுக்கிறார். பிரான்ஸின் பின்களம் ஒரே கோடாக முன்னேறி, குரோஷியாவின் முன்கள வீரர் ஷூக்கரைத் தங்களுக்குப் பின்னால் தனியாக நிற்கவைத்து, விதிப்படி ஆட முடியாத ஆஃப்சைடில் விட்டுவிடப் பார்க்கிறது. மற்றவர்கள் மேலே ஏறிவிட்டார்கள். வலது ஓரத்தில் துராம் மட்டும் இரண்டு அடி பின்தங்கி நிற்கிறார். அந்த இரண்டு அடி போதுமானதாக இருந்தது. ஷூக்கர் ஆஃப்சைடு இல்லை. கோல்கீப்பர் பார்த்தேஸைத் தாண்டிப் பந்து வலைக்குள் போய்விட்டது. அந்த உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்தவர் ஷூக்கர். அவருக்கு அப்படி ஒரு வழி விட்டால் வேறென்ன நடக்கும்?

பின்கள வீரனுக்கு இதைவிடக் கொடிய கணம் கிடையாது. முன்கள வீரன் பத்து வாய்ப்பை வீணடித்துவிட்டுப் பதினொன்றாவதை அடித்தால் நாயகன். பின்கள வீரன் தொண்ணூறு நிமிடங்கள் ஒழுங்காக நின்றுவிட்டு ஒரு நொடி கண் அயர்ந்தால் அந்த நொடிதான் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பயந்து ஒடுங்கி, பந்து வந்தால் போதும் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிடுவார்கள். இல்லையென்றால் ஆத்திரத்தில் யார் காலையாவது வெட்டிவிட்டு அட்டை வாங்குவார்கள்.

துராம் செய்தது வேறு. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் அவர் முன்னால் போனார். குரோஷியாவின் கேப்டன் போபன் தன் சொந்தக் கோல் பகுதிக்கு அருகில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒரு கணம் கூடுதலாகத் தாமதித்தார். துராம் அவர்மீது பாய்ந்து பந்தைப் பறித்தார். பந்து ஜோர்காயெஃபிடம் போனது. துராம் நிற்காமல் உள்ளே ஓடினார். ஜோர்காயெஃப் பந்தைத் திருப்பித் தந்தார். வலது காலால் ஒரே உதை. 47-ஆவது நிமிடம், 1-1. தவறு நடந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தவறு செய்தவரே அதைச் சரிக்கட்டிவிட்டார்.

ஒரு வலப்புறப் பின்கள வீரர் எதிரணியின் கோல் பகுதி வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் பயிற்சியாளர் எமே ஜாக்கே அமைத்த அணி. தெஷாம், பெட்டி, கரெம்பூ என்று மூன்று உழைப்பாளிகள் நடுக்களத்தில். அவர்களுக்கு முன்னால் ஜிடேனும் ஜோர்காயெஃபும். முனையில் ஒரே ஒருவர். ஓரங்களில் ஓடுவதற்கென்று தனி ஆள் கிடையாது. ஆகவே இடப்பக்கம் லிஸராஸுவும் வலப்பக்கம் துராமும்தான் மேலும் கீழும் ஓடி அகலம் கொடுக்க வேண்டும். துராம் அங்கே போனது திட்டத்தில் இருந்தது. ஆனால் அப்படி ஒரு சறுக்கலுக்கு அடுத்த நிமிடமே போகத் துணிந்ததை எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தர முடியாது.

இரண்டாவது கோல் இன்னும் வியப்பானது. 70-ஆவது நிமிடம். வலது ஓரத்தில் குரோஷியாவின் யார்னியோடு மல்லுக்கட்டிப் பந்தை மீட்டார். பெனால்டி பகுதியின் விளிம்பு. தனக்குப் பழக்கமில்லாத இடது காலால் பந்தை வளைத்து அடித்தார். அது கோல்கீப்பர் லாதிச்சின் கை எட்டாத தூரத்து மூலையில் போய் விழுந்தது. பிறகு அவர் ஓடவில்லை, சட்டையைக் கழற்றவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கணக்குக்கு விடை தெரியாத மாணவனைப் போல யோசித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வந்து மேலே விழும்வரை அப்படியே இருந்தார். கால்பந்தில் நான் பார்த்த கொண்டாட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதற்குப் பிறகு குரோஷியாவின் பிலிச்சோடு நடந்த தள்ளுமுள்ளில் பிரான்ஸின் பின்கள வீரர் பிளாங்குக்குச் சிவப்பு அட்டை கிடைத்து, பிரான்ஸ் கடைசிக் கால் மணி நேரத்தைப் பத்துப் பேரோடு ஆட வேண்டியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தை மறுபடி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். கோல் அடித்த துராமைவிட, அந்தக் கடைசி நிமிடங்களில் தன் இடத்தை விட்டு அசையாத துராம்தான் உங்கள் கேள்விக்கு விடை. 2-1. நான்கு நாள் கழித்து பிரேசிலை 3-0 என்று வென்று பிரான்ஸ் முதல்முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. ஏழு ஆட்டங்களில் அவர்கள் விட்டது இரண்டே கோல்: டென்மார்க் அடித்த ஒரு பெனால்டி, ஷூக்கர் அடித்த அந்த ஒன்று. போட்டியின் சிறந்த வீரர்களில் ரொனால்டோ முதலிடம், ஷூக்கர் இரண்டாமிடம், துராம் மூன்றாமிடம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. துராம் அந்த இடத்தில் ஆட விரும்பியவரே இல்லை. அவர் தன்னை மையப் பின்கள வீரராகத்தான் நினைத்தார். அதை வெளிப்படையாகவே சொல்லியும் வந்தார். கிளப்பில் அவர் பெரும்பாலும் ஆடியதும் மையத்தில்தான். ஆனால் தேசிய அணியில் அங்கே பிளாங்கும் தெசாயியும் இருந்தார்கள். ஆகவே ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். பிடிக்காத இடத்தில் பல ஆண்டுகள் ஆடி, அந்த இடத்தில் உலகிலேயே சிறந்தவர் என்று பெயர் வாங்கினார். துராம், பிளாங்க், தெசாயி, லிஸராஸு நால்வரும் சேர்ந்து தொடங்கிய ஆட்டம் எதிலும் பிரான்ஸ் தோற்றதில்லை.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும். 1972 ஜனவரி 1 அன்று கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் பிறந்தவர். அது பிரான்ஸின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் கரும்பு விளைந்த மண். தீவின் வடக்கே ஆன்ஸ்-பெர்த்ரான் என்ற ஊரில் வளர்ந்தார். ஐந்து பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்த்த தாய், பிழைப்புக்காகப் பாரிஸ் பக்கம் போனார். மறு ஆண்டு, 1981-இல், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார். அப்போது துராமுக்கு ஒன்பது வயது. பள்ளியில் சில பிள்ளைகள் அவரை "நுவாரோட்" என்று கூப்பிட்டார்கள். அது அக்காலத்துத் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் வந்த ஒரு கறுப்புப் பசுவின் பெயர். கறுப்பு என்றால் மந்தம் என்று சிரிக்கவைத்த பாத்திரம். தான் கறுப்பன் என்பது அந்த ஒன்பதாவது வயதில்தான் தனக்குத் தெரியவந்தது என்று அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டபோது, உலகம் அப்படித்தான், மாறாது என்று பதில் வந்ததாம். அந்தப் பதில் அந்தப் பிள்ளைக்குப் போதவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஃபோன்தேன்புளோ அருகே போர்த்துகீசியக் குடியேறிகள் நடத்திய ஒரு சிறு கிளப்பில் ஆடத் தொடங்கி, மெலன் வழியாக மோனாக்கோ போய்ச் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர். துராமுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தவர் அவர்தான். 1994 ஆகஸ்ட் 17 அன்று போர்தோவில் செக் குடியரசுக்கு எதிராகப் பிரான்ஸ் அணியில் அறிமுகமானார். அதே ஆட்டத்தில் அறிமுகமான இன்னொருவர் ஜிடேன். அவர் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்ததால் அன்று எல்லாரும் அவரையே பேசினார்கள். பின்கள வீரனின் வாழ்க்கை முதல் நாளிலேயே அப்படித்தான் அமைந்தது.

பெரிய வீரராக அவர் ஆனது இத்தாலியில். 1996-இல் பார்மாவுக்குப் போனார். பார்மா சின்ன நகரம். பால் பொருள் நிறுவனம் ஒன்றின் பணத்தில் பெரிய கிளப்புகளுக்கு ஈடுகொடுத்துக்கொண்டிருந்த அணி. அந்த அணியின் பின்களத்தை இன்றைக்கு நினைத்தாலும் நம்பமுடியவில்லை. கோலில் இன்னும் இருபது வயது நிரம்பாத பஃபோன். அவருக்கு முன்னால் ஒரு பக்கம் கன்னவாரோ, இன்னொரு பக்கம் துராம், பிறகு அனுபவசாலியான அர்ஜென்டினாக்காரர் சென்சினி. ரொனால்டோ, பாடிஸ்டூட்டா, வியா, தெல் பியேரோ, வியேரி எல்லாரும் அப்போது இத்தாலிய லீகில்தான் ஆடினார்கள். வாரம் தவறாமல் உலகின் சிறந்த முன்கள வீரர் யாராவது ஒருவர் எதிரில் வந்து நிற்பார். அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் அன்று உலகில் இல்லை. முதல் பருவத்திலேயே, அன்செலோட்டி பயிற்சியில், பார்மா யுவென்டஸுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாமிடம் பெற்றது. 1999 மே மாதம் மாஸ்கோவில் பிரெஞ்சு அணியான மார்சேயை 3-0 என்று தோற்கடித்து, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையையும், அதே பருவத்தில் இத்தாலியக் கோப்பையையும் வென்றது.

அக்கால ஆட்டங்களின் பதிவு கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், துராமை மட்டும் பாருங்கள். பந்து மறுபக்கத்தில் இருக்கும்போதும் அவர் தலை சும்மா இருக்காது; தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பந்தோடு ஒருவன் எதிரில் வந்தால் நேராக நெஞ்சைக் காட்டி நிற்கமாட்டார். உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கோலுக்குப் போகும் உள்வழியை மறைத்து, ஓரக் கோட்டுப் பக்கம் மட்டும் ஒரு சந்து விடுவார். வருபவன் அந்தச் சந்தைத் தன் புத்திசாலித்தனத்தால் கண்டுபிடித்ததாக நினைத்து நுழைவான். நான்கு அடி போனதும் கோடு வந்துவிடும், துராமின் தோளும் வந்துவிடும். அவ்வளவுதான், பந்து வெளியே. விழுந்து சறுக்கி எடுக்கும் ஆட்டம் அவரிடம் குறைவு. விழுந்தவன் எழுந்திருக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை எதிராளிக்குத் தர அவருக்கு மனம் இல்லை. நல்ல உயரம், நல்ல வேகம், குத்துச்சண்டை வீரனைப் போன்ற உடம்பு. ஆனாலும் அந்த உடம்பை அவர் கடைசி ஆயுதமாகத்தான் வைத்திருந்தார். அதனால்தான் முப்பத்தாறு வயது வரை உயர்மட்டத்தில் ஆட முடிந்தது என்பது என் கணிப்பு.

2001-இல் பஃபோனும் துராமும் ஒன்றாக யுவென்டஸ் போனார்கள். 2002, 2003 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்கள். 2003-இல் மான்செஸ்டரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலானிடம் பெனால்டியில் தோல்வி. அந்தக் கோப்பை கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. 2004-இல் கன்னவாரோவும் வந்து சேர, பார்மாவின் மூவர் யுவென்டஸின் ஊரான டூரினில் மீண்டும் ஒன்றானார்கள். 2005, 2006 பட்டங்களும் கிடைத்தன. ஆனால் கிளப் நிர்வாகிகள் நடுவர் நியமனத்தில் தலையிட்ட ஊழல் வெளிவந்து அந்த இரண்டு பட்டங்களும் பறிக்கப்பட்டன. ஆடிச் சம்பாதித்ததை அலுவலகத்தில் இருந்தவர்கள் தொலைத்தார்கள் என்பதுதான் அதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

தேசிய அணியின் கதைக்குத் திரும்புகிறேன். ஐரோப்பிய நாடுகளுக்கான 2000 யூரோ போட்டியின் இறுதியில், ராட்டர்டாமில், இத்தாலி 1-0 என்று முன்னிலையில் இருக்க, தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் ஈடுகட்டச் சேர்த்த நேரத்தின் நான்காவது நிமிடத்தில் வில்தோர் சமன் செய்ய, பிறகு கூடுதல் நேரத்தில் த்ரெஸெகே, விழுந்ததும் ஆட்டம் முடியும் கோல்டன் கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் கையில். அடுத்து வந்தது சரிவு. 2002-இல் ஒரு கோல்கூட அடிக்காமல் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். 2004 யூரோ காலிறுதியில் கிரீஸிடம் தோற்றார்கள். துராம் தேசிய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார். ஜிடேனும் மக்கெலெலேயும் விலகினார்கள். மூவரும் இல்லாத அணி தகுதிச் சுற்றில் திணறியது. 2005 ஆகஸ்டில் மூவரும் திரும்பிவந்தார்கள்.

2006 உலகக் கோப்பையைத்தான் துராமின் உச்சம் என்று நான் சொல்வேன், 1998-ஐ அல்ல. வயது முப்பத்துநான்கு. இந்த முறை அவர் விரும்பிய மையத்தில், கல்லாஸுக்குப் பக்கத்தில். ஸ்பெயினுக்கு எதிராக அவர் செய்த ஃபவுலால்தான் பெனால்டி கொடுக்கப்பட்டு முதல் கோல் விழுந்தது. மறுபடியும் ஒரு தவறு, மறுபடியும் பின்தங்கிய நிலை. பிரான்ஸ் 3-1 என்று வென்றது. அதற்குப் பிறகு அரையிறுதி முடியும்வரை அந்தப் பின்களத்தைத் தாண்டி யாராலும் கோல் அடிக்க முடியவில்லை. காலிறுதியில் ரொனால்டோ, ரொனால்டினோ, காகா மூவரையும் வைத்திருந்த பிரேசில் வாயடைத்துப் போனது. மூனிச்சில் போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் ஒரே கோல் அடித்தவர் ஜிடேன். ஆட்ட நாயகன் விருது போனது துராமுக்கு. ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாகப் போர்ச்சுகல் முட்டிக்கொண்டே இருக்க, 1-0 என்பதை அப்படியே காத்துக் கரைசேர்த்தவருக்கு அது நியாயமான விருது. கோல் அடிக்காதவரின் பெயர் கணக்கேட்டில் ஏறிய அபூர்வமான நாள்.

பெர்லின் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஜிடேன் தலையால் முட்டியதைப் பேசுவார்கள். நான் பார்த்தது வேறு. எதிரணியின் கோலில் பஃபோன், கேப்டன் கன்னவாரோ. பத்து ஆண்டுகள் முன்பு பார்மாவில் தோளோடு தோள் நின்ற மூவர், உலகின் மிகப் பெரிய ஆட்டத்தில் எதிரெதிரே. மொத்தத்தில் அன்று களமிறங்கியவர்களில் எட்டுப் பேர் யுவென்டஸ்காரர்கள்: இத்தாலிப் பக்கம் ஐந்து, பிரான்ஸ் பக்கம் மூன்று. 1-1, பெனால்டியில் 5-3 என்று இத்தாலி வென்றது. ஐந்தாம் நாள், ஜூலை 14 அன்று, யுவென்டஸை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளித் தீர்ப்பு வந்தது. ஒரே வாரத்தில் உலகக் கோப்பையும் போனது, கிளப்பும் சிதறியது. துராம் பார்சிலோனா போனார். அங்கே இரண்டு பருவங்கள். பெரும்பாலும் மாற்று வீரர், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

2008 யூரோவில் நெதர்லாந்திடம் 4-1 என்று தோற்ற ஆட்டம்தான் அவருடைய 142-ஆவதும் கடைசியும். அந்தக் கோடையில் பாரிஸ் சாந் ஜெர்மேன் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. ஒப்பந்தத்துக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் இதயத்தில் கோளாறு தெரிந்தது. ஆகஸ்டில் ஓய்வு. வழியனுப்பு ஆட்டம் இல்லை, மைதானத்தைச் சுற்றி நடந்து கையசைக்கவும் இல்லை. மருத்துவர் அறையில் ஒரு பெரிய வாழ்க்கை முடிந்தது.

இப்போது அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வருகிறேன். துராமைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் பாதி மனிதரைத்தான் சொன்னதாகும். கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் புத்தகத்தோடு இருப்பவர் என்று அணிக்குள் அவருக்குப் பெயர். 1998 அணியில் தெசாயி கானாவில் பிறந்தவர், வியேரா செனகலில், ஜிடேனின் பெற்றோர் அல்ஜீரியர்கள், கரெம்பூ பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து வந்தவர். வெற்றி இரவில் நாடே இந்தக் கலவையைக் கொண்டாடியது. ஆனால் தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென் 1996-இலேயே இப்படிப்பட்ட வீரர்களைச் செயற்கையான பிரெஞ்சுக்காரர்கள் என்ற தொனியில் பேசியிருந்தார். 2006 உலகக் கோப்பை நடக்கும்போதே அணியில் நிறத்தவர் அதிகம் என்றார். துராம் பதில் சொன்னார்: பிரெஞ்சுக்காரர்களில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு, பழுப்பு நிறத்தவரும் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை போலும், பிரான்ஸ் வாழ்க, ஆனால் அவர் விரும்பும் பிரான்ஸ் அல்ல, உண்மையான பிரான்ஸ். காலிறுதிக்குத் தயாராகும் வீரர்கள் இப்படிப்பட்ட கேள்விக்கு வாய் திறக்கமாட்டார்கள். இவர் திறந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு புறநகர்களில் கலவரம் வெடித்தபோது, உள்துறை அமைச்சர் சர்கோஸி அங்குள்ள இளைஞர்களைக் கழிசடைகள் என்று குறித்த சொல்லுக்கும் துராம் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். நானும் அங்கேதான் வளர்ந்தேன் என்றார். 2006 செப்டம்பரில், பாரிஸ் அருகே கஷான் என்ற இடத்தில் ஒரு கட்டடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேறிகளை, வியேராவோடு சேர்ந்து இத்தாலிக்கு எதிரான ஆட்டத்துக்கு அழைத்து அரங்கில் உட்காரவைத்தார்.

ஓய்வு பெற்ற 2008-லேயே இனவெறிக்கு எதிரான கல்விக்காகத் தன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். யாரும் இனவெறியோடு பிறப்பதில்லை, கற்றுக்கொள்கிறார்கள். கற்றதை மாற்றவும் முடியும் என்பது அவர் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்வது. தாய் சொன்ன "மாறாது" என்ற பதிலுக்கு இத்தனை ஆண்டுகளாக அவர் சொல்லும் மறுமொழி அது. 2011-இல் பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில், காலனி நாட்டு மக்களைக் கூண்டு விலங்குகளைப் போலக் காட்சிக்கு வைத்த பழைய வழக்கத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதற்குத் தலைமைப் பொறுப்பேற்றவர் துராம். 1931-இல் பாரிஸில் அப்படிக் காட்டப்பட்டவர்களில் ஒருவர், அவரோடு உலகக் கோப்பை வென்ற கரெம்பூவின் கொள்ளுத்தாத்தா. தன் அணித் தோழனின் குடும்பத்துக்கு நேர்ந்ததை நாட்டின் தலைநகரிலேயே எடுத்துவைத்தார்.

அவரை எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். 2010 உலகக் கோப்பையில் பிரான்ஸ் வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்துப் பேருந்திலேயே இருந்தபோது, கேப்டன் எவ்ராவுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்றார். எவ்ராவும் பதிலுக்குக் கடுமையாகப் பேசினார். 2019-இல் வெள்ளையர்களின் உயர்வு மனப்பான்மையைப் பற்றி இத்தாலியப் பத்திரிகையில் சொன்ன வரிகளுக்காக, இனவெறியை எதிர்க்கும் அமைப்புகளிலேயே சிலர் அவரைக் கண்டித்தார்கள். எவ்ரா விஷயத்தில் அவர் சற்று அதிகமாகப் போனார் என்பது என் எண்ணம். ஆனால் வாயை மூடிக்கொண்டு பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் வசதியான வழியை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. ஷூக்கர் கோல் அடித்த அடுத்த நிமிடத்தில் முன்னால் ஓடிய அதே ஆள்தான் இவரும்.

தெசாயியின் 116 ஆட்டச் சாதனையைத் துராம் கடந்தார். அவருடைய 142 பதினான்கு ஆண்டுகள் நின்றது. 2022 டிசம்பரில், கத்தாரில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், கோல்கீப்பர் யோரிஸ் அதைத் தாண்டினார். அந்தப் பிரான்ஸ் அணியில் மார்கஸ் துராமும் இருந்தார். அடுத்து வந்த இறுதி ஆட்டத்தில் எம்பாப்பே அந்தரத்தில் அடித்த இரண்டாவது கோலுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது உங்களுக்குப் பிடித்த அந்த மார்கஸ்தான்.

மார்கஸ் பிறந்தது பார்மாவில், தந்தை அங்கே ஆடிய காலத்தில். கறுப்பின உரிமைக்காகப் போராடிய மார்கஸ் கார்வியின் பெயரை வைத்தார்கள். தம்பி கெஃப்ரனுக்கு எகிப்தில் பிரமிடு கட்டிய அரசனின் பெயர். மார்கஸ் இன்று இண்டர் மிலானில், கெஃப்ரன் யுவென்டஸில். 2025 செப்டம்பர் 13 அன்று டூரினில் இரண்டு அணிகளும் மோதின. மார்கஸ் தலையால் ஒரு கோல் அடிக்க, சில நிமிடங்களில் கெஃப்ரனும் தலையால் ஒன்று அடிக்க, யுவென்டஸ் 4-3 என்று வென்றது. அந்த மைதானம் நிற்பது பழைய தெல்லே ஆல்ப்பி அரங்கத்தை இடித்த இடத்தில். அதே இடத்தில்தான் அவர்களுடைய தந்தை ஐந்து பருவங்கள், கோல் விழாமல் காத்து நின்றார்.